அக்காவுக்குத் தெரியாத ரொட்டி

1

தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு இந்த முறையும் ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். ஜெர்மனியை விட்டு ஊர் திரும்பி ஒன்றேகால் வருஷம் ஆகிவிட்ட ஆளிடம் போய்க் கேட்கிறீர்களே என்று முதலில் தட்டிக்கழிக்கத்தான் பார்த்தேன். அங்கே உங்களோடு இருந்தவரை வருஷா வருஷம் நான் எழுதித் தந்தது ஒரே கட்டுரைதான், தலைப்பை மட்டும் மாற்றுவேன். ராகி மாவு கிடைக்கவில்லை, கொத்தமல்லிக்கு வாசனை இல்லை, ஊரில் இந்நேரம் அவரைக்காய் வந்திருக்கும், எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. நீங்களும் பெரிய மனசோடு போட்டுக்கொண்டிருந்தீர்கள். இப்போது ஓசூரில் உட்கார்ந்துகொண்டு அதே கட்டுரையைத் தலைகீழாக எழுதப் போகிறேன். சிரிக்காமல் படியுங்கள்.

எனக்கு அந்த ரொட்டி வேண்டும். ரை என்கிற தானியத்து மாவைப் புளிக்க வைத்துச் சுடுகிற கருப்பு ரொட்டி, கையில் எடுத்தால் செங்கல் கனம் கனக்குமே, அது. முதல் வருஷம் நாமெல்லாம் சேர்ந்து உட்கார்ந்து திட்டினோமே, அதேதான். அதன்மேல் வெண்ணெய் தடவி, உப்புத் தூவி, பக்கத்தில் ஒரு ஊறிய வெள்ளரிக்காயும் ஒரு துண்டு சீஸும். சாயங்காலம் ஆறு மணிக்கு அடுப்பே பற்றவைக்காமல், ஒரு மரப்பலகையில் எல்லாவற்றையும் வைத்து, அவரவர் அறுத்துத் தின்றுவிட்டு எழுந்து போகிற அந்தச் சாப்பாடு. யாரும் பரிமாற மாட்டார்கள். 'இன்னும் கொஞ்சம், எனக்காக' என்று யாரும் கரண்டியோடு பக்கத்தில் நிற்க மாட்டார்கள். நம் ஊரில் ஆறிப்போன சோற்றைப் போடுவது ஒருத்தரை அவமானப்படுத்துவதற்கு. எனக்கோ அந்த ஆறிப்போன சாப்பாட்டை நினைத்தால் எச்சில் ஊறுகிறது, என்ன செய்ய!

இதை இங்கே யாரிடம் சொல்வது? வெளிநாட்டில் இட்லிக்கு ஏங்கினேன் என்று சொல்லிப் பாருங்கள், தெருவே உச்சுக்கொட்டும். ஊரில் உட்கார்ந்து ரொட்டிக்கு ஏங்குகிறேன் என்றால் 'தொரைக்கு ஏத்தத்தைப் பாரு' என்பார்கள். மற்றவர்கள் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும், அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. என் அக்காவுக்குத் தெரியக்கூடாது. ஊர் திரும்பிய நாளிலிருந்து எனக்கு இருந்த ஒரே பயம் அதுதான். அது ஏன் என்று சொன்னால்தான் மற்றது விளங்கும்.

2

அக்கா பெயர் மாதம்மா. என்னைவிடப் பதிமூன்று வயது மூத்தவள். எனக்கு ஏழு வயதாகும்போது அம்மா போய்விட்டாள், அப்பா அதற்கு முன்னாலேயே. ஊத்தங்கரைப் பக்கத்து மானாவாரிக் காட்டை நம்பினால் இரண்டு பேரும் பட்டினிதான் என்று, ஓசூரில் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த சமயத்தில் என்னையும் இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். அசெம்பிளி லைனில் முப்பது வருஷத்துக்கு மேல் நின்றாள். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப் பகலில் ஆள் வேண்டுமே என்று நைட் ஷிஃப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போவாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டால், "லைன்ல தொப்பி போட்டுக்கிட்டு நிக்கறவ மூஞ்சி எவனுக்குடா தெரியும்?" என்று சிரித்து மழுப்பிவிடுவாள். நான் டிப்ளமோ படித்ததும், டூல் ரூமில் சேர்ந்ததும், ஜெர்மனிக்கு வந்ததும் எல்லாம் அவள் போட்ட பிச்சை.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். அக்காவின் சமையல் சுமார். ஷிஃப்ட் முடிந்து வந்து அரைத்தூக்கத்தில் ஆக்குகிறவளிடம் கைப்பக்குவமா எதிர்பார்க்க முடியும்? ஒருநாள் உப்பு தூக்கலாக இருக்கும், மறுநாள் உப்பே இருக்காது. அவளுக்கு நன்றாக வருவது இரண்டே இரண்டு. ஒன்று ராகிக் களி, இன்னொன்று பனிக்காலத்தில் வைக்கிற பிதுக்கம்பருப்புக் குழம்பு. உங்களில் தெற்கத்திக்காரர்களுக்கு இது தெரியாது. அவரைக்கொட்டையை உரித்து ராத்திரி ஊறப் போட்டு, காலையில் ஒவ்வொன்றாக விரலால் பிதுக்கினால் தோல் கையில் நின்றுவிடும், பருப்பு துள்ளிப்போய்ப் பாத்திரத்தில் விழும். அதில் தேங்காய், பூண்டு, பச்சை மிளகாய், கொத்தமல்லி அரைத்துவிட்டு வைக்கிற குழம்பு. மார்கழி, தை இரண்டு மாசம்தான் நல்ல அவரை வரும். ஒரு கிலோ பிதுக்குவதற்குள் விரல் நுனி வெளுத்துப்போகும்.

நான் அங்கே வந்து இறங்கியது ஒரு ஜனவரியில். முதல் மாசம் இருட்டும் பனியும், பாஷை தெரியாத அறையும். அக்கா போனில் கேட்டாள், "என்னடா சாப்ட்ட?" முப்பத்தேழு வயசு ஆம்பளை, போனைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "ரொட்டிதான்க்கா. வாயில வெக்க முடியல. அவரைக்கொட்டைக் குழம்பு வேணும்போல இருக்குதுக்கா." அது சத்தியமாகப் பொய் இல்லை. அன்றைக்கு அது முழு உண்மை.

அடுத்த வருஷம் என் மனைவி கவிதா வந்து சேர்ந்தாள். வீட்டில் சோறு வெந்தது. மூன்றாவது வருஷத்துக்குள் எனக்கு அந்த ரொட்டி பிடித்துப்போனது. எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பக்கத்து மெஷினில் ஹெல்முட் என்று ஒரு பெரியவர் இருந்தார், அவர் தினமும் ஒன்பது மணிக்குத் தன் ரொட்டியில் பாதியை மேஜையில் என் பக்கமாகத் தள்ளி வைப்பார். பேச மாட்டார். இரண்டு வருஷம் மரியாதைக்காகத் தின்றேன். பிறகு ஒருநாள் அவர் லீவு போட்டபோது ஒன்பது மணிக்கு எனக்குப் பசித்தது, அவ்வளவுதான்.

அக்காவிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லியும் பார்த்தேன். "சாப்பாடெல்லாம் இப்ப நல்லாத்தான் இருக்குதுக்கா." அவள், "அப்பிடியா? சரி, நல்லா இருந்தா சரி" என்றாள். அரை நிமிஷத்தில் போன் முடிந்துவிட்டது. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அடுத்த ஞாயிறு, "தொண்டைல எறங்கலக்கா" என்றேன். அடேயப்பா! இருபது நிமிஷம் பேசினாள். ராகியை முளைகட்டி அனுப்பட்டுமா, கவிதா என்னதான் பண்றா, நீ பொறந்தப்பவே வயிறு சின்ன வயிறு. அந்த இருபது நிமிஷத்துக்காக நான் எட்டு வருஷம் பட்டினி கிடந்தேன், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், போனில் மட்டும்.

நீங்களும் இதைத்தானே செய்கிறீர்கள்? 'இங்க ஒண்ணும் ருசியில்லம்மா' என்று சொல்லிவிட்டு, போனை வைத்ததும் பீட்சாப் பெட்டியைத் திறக்காதவர் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள்.

3

பதினோரு வருஷத்துக்குப் பிறகு இங்கே ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பொறுப்பு கிடைத்து வந்தோம். ராயக்கோட்டை ரோட்டில் வாடகை வீடு, பாகலூர் ரோட்டுப் பக்கம் அக்கா வீடு. ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கேதான் சாப்பாடு என்று வந்த வாரமே சட்டம் ஆகிவிட்டது.

வந்த வருஷம் மார்கழியில் அக்கா அரை மூட்டை அவரை வாங்கிப் போட்டிருந்தாள். லைனில் அவளோடு வேலை பார்த்த சரோஜா அக்கா பிதுக்குவதற்கு வந்திருந்தார். நானும் உட்கார்ந்தேன். சரோஜா அக்கா பருப்பைத் துள்ளவிட்டபடியே சொன்னார், "ஏம்ப்பா முனிராஜு, உங்கக்கா இதை வாயில வெச்சு எத்தன வருசமாச்சு, தெரியுமா?"

"வாய மூடுடி சரோஜா" என்றாள் அக்கா.

"எதுக்கு மூடணும்? நீ போன்ல அழுதியாமே, அன்னிக்கே மலைக்கோயிலுக்குப் போயிட்டா. எந் தம்பி ஊரு வந்து சேர்ற வரைக்கும் அவரைக்கொட்டையத் தொடமாட்டேன் சாமின்னு வேண்டிக்கிட்டு வந்துட்டா. கேன்டீன்ல நாங்க டிபன் பாக்ஸைத் தெறந்தா இவ எந்திரிச்சு வெளிய போயிடுவா, வாசனை தாங்காம. பதினோரு வருசம்ப்பா!"

நான் லீவில் வந்ததெல்லாம் ஆகஸ்ட் மாசங்களில். மகளின் பள்ளிக்கூடம் அப்போதுதான் விடுவார்கள். ஆகஸ்டில் ஏது அவரை? அவள் தட்டில் எது இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?

அன்று மதியம் அக்கா மூன்று முறை குழம்பு ஊற்றிக்கொண்டாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். களியை மெல்லக்கூடாது, உருட்டிக் குழம்பில் தொட்டு விழுங்க வேண்டும். நான் முதல் உருண்டையை விரலிலேயே உருட்டிக்கொண்டிருந்தேன். "பாரு, இதுக்குத்தானே அழுத, தின்னுடா" என்றாள். பதினோரு வருஷத்தில் எட்டு வருஷம் நான் வெண்ணெய் தடவிய ரொட்டியை ருசித்துத் தின்றுகொண்டிருந்தேன், அவள் கேன்டீனை விட்டு எழுந்து போய்க்கொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது. அன்றைக்கு முடிவு செய்தேன், இது அவளுக்கு எந்தக் காலத்திலும் தெரியக்கூடாது. ரொட்டி என்ற பேச்சையே எடுப்பதில்லை.

4

நாக்கு கேட்டால்தானே.

ஓசூரில் பேக்கரிக்கா பஞ்சம்? தடுக்கி விழுந்தால் பேக்கரி. எல்லா ரொட்டியிலும் சர்க்கரை. கோதுமை ரொட்டி என்று எழுதியிருக்கும், அதிலும் சர்க்கரை. ஒரு கடையில் கேட்டேன், "சர்க்கரை போடாத ரொட்டி இருக்குதா? கொஞ்சம் புளிப்பா, கெட்டியா?"

கடைக்காரர் கன்னடக்காரர், நல்ல மனுஷர். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "புளிச்ச ரொட்டியை நாங்க விக்கறதில்ல சார். எல்லாம் இன்னிக்குப் போட்டது."

"இல்லைங்க, புளிக்க வெச்சே சுடறது."

"சுகரா சார்?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எத்தனை வருஷமா?"

இப்படி ஆறேழு கடை. பெங்களூரில் கிடைக்கிறது என்றார்கள். ஒரு சனிக்கிழமை போய், அத்திப்பள்ளி நெரிசலில் மாட்டி, வாங்கிவந்தேன். பெயர் சரியாக இருந்தது, விலையும் அங்கத்திய விலைதான், ருசி மட்டும் இல்லை. நானே சுடலாம் என்று பார்த்தேன். மாவு புளிப்பதற்கு முன்னால் எறும்பு வந்தது. இரண்டாம் முறை கவிதா அதைத் தோசை மாவு கெட்டுவிட்டதென்று நினைத்து ஊற்றிவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அவளுக்கு அந்த ரொட்டி அங்கேயே ஆகாது. ஊர் வந்து இறங்கிய அன்றைக்கு ஒரு தட்டு பூரியை முன்னால் வைத்துக்கொண்டு, "இனி இந்த ஜென்மத்துக்குக் கத்தியால அறுத்துச் சாப்பிட மாட்டேன்" என்றவள்.

நான் கேட்ட கடைகளில் ஒன்றில்தான் சரோஜா அக்கா தினமும் பன் வாங்குவாராம். நான் கேட்ட விஷயம் அவர் காதில் விழுந்ததற்கு மறு ஞாயிறு, தீபாவளிக்கு நாலு நாள் முன்னால், அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"எப்பலேர்ந்துடா?"

"என்னாக்கா?"

"சுகரு. சக்கரை இல்லாத ரொட்டி கேட்டுக்கிட்டு ஓசூரு பூரா அலையறியாமே. ஊருக்கெல்லாம் தெரியுது, எனக்குத் தெரியல."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். இல்லை என்றால் அடுத்த கேள்வி என்ன? பின்ன எதுக்குடா ரொட்டி? "கொஞ்சம் பார்டர்லதான்க்கா இருக்குது. பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல" என்றேன்.

தீபாவளிக்கு எல்லோருக்கும் அதிரசம், எனக்கு மட்டும் கசாயம். ஞாயிறுதோறும் ஒரு டம்ளர் பாகற்காய்ச் சாறு தயாராக நிற்கும். ஒருநாள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ரத்தப் பரிசோதனை செய்ய வைத்தாள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதித் தந்தார்கள். "பாத்தியா, பாகக்கா வேலை செய்யுது" என்றாள். உண்மை கையில் அச்சடித்த தாளாக இருந்தது, அதையும் அவள் பாகற்காய்க்குக் கொடுத்துவிட்டாள்.

5

பிள்ளைகள் நம்மை விட்டு விலகிப்போகிறார்கள் என்று சங்கக் கூட்டத்தில் நாம் பேசாத மாசம் கிடையாது. என் மகள் யாழினிக்குப் பத்து வயது, அங்கேயே பிறந்தவள். விமானத்தில் வரும்போது, இந்தியாவில் சீஸ் இருக்காது, நான் செத்துவிடுவேன் என்று அழுதுகொண்டு வந்தாள். நாலு மாசம்தான். இப்போது பள்ளி வாசலில் மசாலாப் பொரி, வீட்டில் பரோட்டா, சிநேகிதிகளோடு கன்னடம், வேன் டிரைவரோடு தெலுங்கு. ஜெர்மன் மட்டும் வாயில் வருவதில்லை. ஹெல்முட் ஒருநாள் வீடியோவில் வந்தபோது அவள் அவரைப் பார்த்து, "சொல்லுங்க" என்றாள், தமிழில்.

ஒருநாள் சாயங்காலம் பெங்களூர் ரொட்டியைப் பலகையில் வைத்து, வெண்ணெய், வெள்ளரிக்காய் எல்லாம் அடுக்கி அவளைக் கூப்பிட்டேன். பார்த்துவிட்டு, "அப்பா, இது சாப்பாடா? அம்மா தோசை ஊத்தறாங்க" என்று போய்விட்டாள். விலகிப்போனது நான்தான் என்று அப்போது தெரிந்தது. அவள் போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

வேலை இடத்திலும் அப்படித்தான். சானமாவுக் காட்டுப் பக்கம் யானை இறங்கியது, அதனால் லேட் என்று ஷிஃப்ட் ஆள் சொன்னால் மற்றவர்கள் எத்தனை யானை என்று கேட்கிறார்கள். நான் எத்தனை நிமிஷம் என்று கேட்கிறேன். எனக்குப் பின்னால் சிரிக்கிறார்கள்.

6

போன மாசம் பொறுக்க முடியாமல் ஹெல்முட்டுக்கு எழுதினேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. காற்றுப் புகாத உறையில் வருகிற கருப்பு ரொட்டி ஆறு பாக்கெட், ஒரு கடுகு விழுது டியூப். ஒரு வாரத்தில் அனுப்பிவிட்டார்.

பிறகு நம்முடைய ஆட்கள் ஆரம்பித்தார்கள். பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, ஆதார் அனுப்புங்கள். அனுப்பினேன். ஆதாரில் இருக்கிற விலாசமும் பார்சலில் இருக்கிற விலாசமும் வேறு. ஆமாம், இது வாடகை வீடு. அப்படியானால் வாடகை ஒப்பந்தம் அனுப்புங்கள். அனுப்பினேன். இதில் உங்கள் பெயருக்கு முன்னால் இனிஷியல் இருக்கிறது, ஆதாரில் பின்னால் இருக்கிறது. உணவுப் பொருள் என்று போட்டிருக்கிறதே, விற்பனைக்கா? ஐயா, ஆறு பாக்கெட் ரொட்டியை வைத்துக்கொண்டு நான் என்ன கடையா போடப்போகிறேன்? இப்படியே பதினெட்டு நாள். கடைசியில் பேசிய பெண் சலித்துப்போய், "சார், ஆதார் அட்ரஸுக்கே மாத்திடட்டுமா, உடனே ரிலீஸ் ஆயிடும்" என்றாள். எனக்கும் சலித்துப்போயிருந்தது. "என்னவோ பண்ணுங்கம்மா" என்று சொல்லிவிட்டேன்.

ஆதாரில் இருப்பது அக்கா வீட்டு விலாசம். என் ரேஷன் கார்டிலிருந்து பாஸ்போர்ட் வரைக்கும் அரசாங்கத்தைப் பொறுத்தவரை நான் அந்த வீட்டை விட்டு நகரவே இல்லை. டெலிவரிக்கு முன்னால் போன் வரும், டிப்போவிலேயே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். சனிக்கிழமை ஒரு பிரஸ் மெஷின் படுத்துவிட்டது, நாள் முழுக்க அதன் அடியில் கிடந்தேன். போனை எடுத்துப் பார்த்தபோது தவறிய அழைப்பு நாலு இருந்தது. மூன்று தெரியாத எண், ஒன்று அக்கா. அவளைக் கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை.

7

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. போய் இறங்கும்போதே குழம்பு வாசனை தெரு வரைக்கும் வந்தது. அவரைக்காலம் அல்லவா.

கூடத்து மேஜைமேல் பார்சல் திறந்திருந்தது. டேப்பை வகிடு எடுத்த மாதிரி நேராக வெட்டியிருந்தாள், முப்பது வருஷ லைன் பழக்கம். ஆறு பாக்கெட்டும் வரிசையாக, பக்கத்தில் கடுகு டியூப்.

"நேத்து வந்துச்சு. தெறக்கலாமான்னு கேக்கத்தான் போன் பண்ணேன், நீ எடுக்கல" என்றாள் அக்கா. "சுகருக்குத்தானே இது? வெளிநாட்டு மருந்து ரொட்டியா?"

கடவுளே வந்து கதவைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. ஆமாம் என்ற ஒரு சொல் போதும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கவிதா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'அக்காகிட்ட உள்ளதைச் சொல்லிடுங்க' என்று ஒரு வருஷமாகச் சொல்லி அலுத்தவள் அவள்.

அதற்குள் அக்கா டீ கொண்டுவந்து வைத்தாள். யாழினி கைக்குக் கிடைத்த டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "அத்தை, இதுல சக்கரையே இல்ல!"

"அது என்னுது சாமி. இந்தா, இது உன்னுது."

"நீங்க ஏன் அண்ணி சக்கரை இல்லாம?" என்று கவிதா கேட்டாள். முப்பது வருஷமும் நாலு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீயைக் குடித்துத்தான் லைனில் நின்றவள் அக்கா. சர்க்கரை குறைந்தால் டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

"ஒண்ணுமில்ல. இவனுக்குச் சுகரு அடியோட போற வரைக்கும் விட்டிருக்கேன். தீபாவளிலேர்ந்து."

இன்னொரு பொய்யும் அவள் வயிற்றில்தான் போய் விழுந்திருக்கிறது. நான் ஒன்றைச் சொல்லச் சொல்ல இவள் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே போவாள், கடைசியில் வெறும் தண்ணீர்தான் மிஞ்சும்.

"அக்கா, எனக்குச் சுகரே இல்ல" என்றேன். "எப்பவும் இல்ல. அந்த ரொட்டி எனக்குப் பிடிக்கும்க்கா. இங்க கிடைக்கல, அதனாலதான் அலைஞ்சேன். அங்க நான் பட்டினி கிடக்கல. நல்லாத்தான் சாப்பிட்டேன். மொதல் ரெண்டு வருஷம் தவிர உங்கிட்ட போன்ல சொன்னது எல்லாம் பொய்."

அக்கா எழுந்து உள்ளே போய்ச் சர்க்கரை டப்பாவை எடுத்துவந்தாள். தன் டம்ளரில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று போட்டு, நன்றாகக் கலக்கி, முழுசும் குடித்து முடித்தாள். பிறகு ஒரு பாக்கெட்டைப் பிரித்து ஒரு துண்டு எடுத்துக் கடித்தாள். ரொம்ப நேரம் மென்றாள்.

"புளிச்சிருக்குது" என்றாள். "ஆனா மோசமில்ல. இதத் தின்னதுக்கா பட்டினி கெடக்கறன்னு நான் அழுதேன்?"

"திட்டுக்கா. நாலு வார்த்தை திட்டிடு."

"ஏன்டா சொல்லல?"

"நல்லா இருக்குதுன்னு ஒருவாட்டி சொன்னேன். நீ ஒடனே போனை வெச்சுட்ட. சாப்பாடு இல்லன்னாத்தான் பேசிக்கிட்டே இருப்ப."

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நல்லா இருக்கறவனுக்கு ஆயிரம் வேலை இருக்கும், நாம எதுக்கு நடுவுலன்னு வெச்சேன்டா" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. யாழினி பயந்துபோய் அவள் அம்மாவை ஒட்டிக்கொண்டாள். அக்கா அழவில்லை, கோபமும் படவில்லை. "சரி எந்திரி, களி ஆறிப்போகுது" என்று சொல்லிவிட்டுத் தட்டுகளை எடுத்து வைத்தாள்.

எல்லோருக்கும் களி வைத்து, நடுவில் குழி பறித்துக் குழம்பு ஊற்றினாள். எனக்குக் கேட்காமலேயே இன்னொரு கரண்டி ஊற்றினாள். குழம்பு பிரமாதமாக இருந்தது, அதையும் இங்கே பதிவு செய்கிறேன், இது பொய் இல்லை. கடைசியாக அவளும் உட்கார்ந்தாள். அவள் தட்டில் களியும் மோரும் ஒரு பச்சை மிளகாயும் மட்டும் இருந்தது.

"குழம்பு ஊத்திக்கலயாக்கா?"

"வேணாம்."

"ஏன்க்கா?"

"நீ ஊரு வந்து சேந்துட்டன்னு நெனச்சுத்தான் போன வருசம் தொட்டேன்."

"வந்துட்டேனேக்கா. கண்ணு முன்னாடிதானே உக்காந்திருக்கேன்."

அக்கா மிளகாயைக் கடித்துக்கொண்டாள். "சாமிகிட்ட சொல்லியிருக்குதுடா, வெளையாட்டு இல்ல. நீயா வந்து சேந்தப்புறம் சொல்லு. சாப்டறேன்."

புறப்படும்போது மிச்ச ஐந்து பாக்கெட்டையும் பையில் போட்டுக் கொடுத்தாள், வீணாக்காதே என்றாள். வீட்டில் சாயங்காலம் ஆறு மணிக்குப் பலகையில் வைத்து அறுத்துத் தின்கிறேன், யாருக்கும் ஒளிக்காமல். நன்றாகத்தான் இருக்கிறது. பக்கத்துத் தளியிலிருந்து அவரைக்காய் இன்னும் மூன்று வாரத்துக்கு வரும் என்று சந்தையில் சொல்கிறார்கள். அதற்குள் அவளிடம் போய் 'வந்துவிட்டேன்' என்று சொல்ல வேண்டும். பொய் சொல்வதாக இருந்தால் இன்றைக்கே சொல்லிவிடுவேன்.